ஏழு குழியில் ஒரு பகா எண்

எங்கள் அப்பத்தாவின் பல்லாங்குழி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நடுவில் மடக்குகிற மரக்கட்டை. ஒரு கீல் துருப்பிடித்து உதிர்ந்துபோனதால் அந்த இடத்தில் நூல்கயிறு கட்டியிருக்கிறேன். பக்கத்துக்கு ஏழு குழி. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், ஒரு மழைநாள் பிற்பகலில் அந்தக் கட்டையின் ஒரு வரிசையையும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையையும் வைத்துக்கொண்டு, 127 ஒரு பகா எண் என்று நிரூபித்தேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். 127-ஐ 2, 3, 5, 7, 11 ஆகிய ஐந்தால் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதியின்றிப் போகவில்லை என்றால் கதை முடிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். நான் வகுக்கவே இல்லை. கொட்டைகளை நகர்த்தினேன், அவ்வளவுதான். முறை என்னுடையதல்ல. 1876-இல் பிரான்சில் ஒரு பள்ளி ஆசிரியர் இதைவிடப் பெரிய பலகையில் செய்ததன் குட்டி வடிவம். அவருடைய பலகையில் பக்கத்துக்கு 127 கட்டம். அவர் பகா எண் என்று காட்டியது இது:

170141183460469231731687303715884105727

39 இலக்கங்கள். 2-ஐ 127 முறை பெருக்கி, அதிலிருந்து 1 கழித்தால் கிடைப்பது. 1876 முதல் 1951 வரை, 75 ஆண்டுகள், மனிதர்களுக்குத் தெரிந்த ஆகப் பெரிய பகா எண் இதுதான்.

இரண்டிரண்டாகப் பெருக்கி ஒன்றைக் கழிக்கிற எண்கள் நமக்கு அந்நியமல்ல. சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கேட்டு ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்த கதையில் மொத்த நெல் 2⁶⁴ − 1. இந்த வகை எண்களில் சிலதான் பகா எண்கள்: 3, 7, 31, 127. அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பே உண்டு. இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. அடுக்கு 11 என்றால் 2047 வருகிறது, அது 23 × 89. யூக்ளிட் காலத்திலிருந்தே இவற்றின் மேல் ஆசை. இப்படி ஒரு பகா எண் கிடைத்தால், அதிலிருந்து 6, 28, 496 போல, தன்னைவிடச் சிறிய காரணிகளைக் கூட்டினால் தானே திரும்ப வருகிற எண் ஒன்று கிடைக்கும்.

1588-இல் போலோனியாவின் கத்தால்தி 17, 19 ஆகிய அடுக்குகள் வரை வந்தார். அவர் வழி நேர்வழி: பகா எண்களுக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாலும் வகுப்பது. 524287-க்கு 724 வரை வகுத்தால் போதும். 1644-இல் பாரிசில் மரன் மெர்சென் ஒரு பட்டியலையே வெளியிட்டார். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாத மினிம் சபைத் துறவி. ஐரோப்பாவின் கணக்கர்கள் பாதிப் பேர் அவருக்குத்தான் கடிதம் எழுதினார்கள். 257 வரையான அடுக்குகளில் பகா எண் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. என் மாணவன் இப்படி விடை மட்டும் எழுதி வைத்திருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். பட்டியலில் ஐந்து தவறு. 67-உம் 257-உம் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 விட்டுப்போனவை. ஆனாலும் அந்த வகை எண்களுக்கு இன்றுவரை மெர்சென் எண்கள் என்றே பெயர். தவறாகச் சொன்னாலும் முதலில் சொன்னவனுக்குத்தான் பெயர் போலிருக்கிறது.

1772-இல் ஆய்லர், கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போன நிலையில், அடுக்கு 31-ஐ முடித்தார்: 2147483647. கண்டபடி வகுக்காமல், எந்த வகை எண்கள் மட்டுமே காரணியாக இருக்க முடியும் என்று முதலிலேயே சலித்துக்கொண்டதால் அதிகம் போனால் 372 வகுத்தல்தான். 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ இதைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரியதை யாரும் தேடப் போவதில்லை, இதெல்லாம் வேடிக்கைக்கு உரியவையே தவிரப் பயனுள்ளவை அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த 2147483647-ஐத் தாண்டி எண்ண முடியாத கணினிக் கடிகாரங்கள் இன்றும் உண்டு. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணி வரும் அவை, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8.44-க்கு அந்த எண்ணைத் தொட்டுத் திணறும். பயனில்லை என்றவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இனி நம் ஆசிரியர். எத்வார் லூகா, 1842-இல் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தார். 1870-இல் பிரஷ்யாவுடன் போர் வந்தபோது பீரங்கிப் படையில் அதிகாரி. போர் முடிந்ததும் பள்ளி வாத்தியார் வேலை. முதலில் மூலான் நகரில், பிறகு பாரிசில். விளையாட்டுப் பித்து. பிள்ளைகள் நோட்டின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக் கோடிழுத்துக் கட்டம் பிடிக்கிறார்களே, அந்த ஆட்டத்தை முதலில் அச்சில் ஏற்றியவர் இவர்தான். மூன்று குச்சிகளும் அடுக்கிய வட்டுகளும் கொண்ட ஹனாய் கோபுரம் இவர் செய்தது. 1883-இல் ‘சயாமின் என். கிளாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் ‘அமியானின் லூகா’ ஆகும். காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளைப் பூசாரிகள் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், நகர்த்தி முடிந்தால் உலகமும் முடியும் என்ற கதையும் இந்தப் பொம்மையோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியது. காசிக்குப் போய்வந்த யாரும் அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை. அது பாரிசில் கட்டிய கோயில். ஆனால் கணக்கு உண்மை. 64 வட்டுகளுக்கு 2⁶⁴ − 1 நகர்த்தல். ஏழு வட்டு என்றால் 127. 127 வட்டு அடுக்கினால், மேலே எழுதிய அந்த 39 இலக்க எண் அப்படியே வரும்.

அந்த எண்ணை ஆய்லர் வழியில் தாக்கியிருந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். காரணியாக இருக்கக்கூடிய எண்களை மட்டும் சலித்தெடுத்து, விநாடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் வகுத்தாலும் 80 கோடி ஆண்டு. லூகா வகுத்தலை ஒதுக்கிவிட்டார். ஃபிபொனாச்சி எண்களோடு அவருக்கு இருந்த நெடுநாள் பழக்கத்திலிருந்து வேறொரு வழி பிறந்தது. 3-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து. 2 கழி. வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். திரும்ப அதையே செய். அடுக்கு 127 என்றால் 125 தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் எண் பகா எண். 3-க்குப் பதில் 4-இல் தொடங்கினால் எல்லா ஒற்றைப்படை அடுக்குக்கும் பொருந்தும். அடுக்கை நான்கால் வகுத்து மீதி 3 வருகிற இடங்களில் 3 போதும். 127 அப்படிப்பட்டது. 7-உம்தான்.

‘மீதியை மட்டும் வைத்துக்கொள்’ என்பதில் மறுபடி வகுத்தல் வந்துவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் பலகை வருகிறது. என் ஏழு குழிகளுக்கும் வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு. ஒரு குழியில் இரண்டு கொட்டை சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு, அடுத்த குழியில் ஒன்று போட வேண்டும். ஊர் ஆட்டத்தில் நான்கு சேர்ந்தால் பசு. இங்கே இரண்டே பசு. ஏழாவது குழியில் இரண்டு சேர்ந்தால்? அதன் மதிப்பு 128. 127-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அது முதல் குழிக்குத் திரும்பி வருகிறது. சின்ன வயதில் கடைசிக் குழியில் நான் கையை நிறுத்தினால் அப்பத்தா சொல்லும்: “கடைசிக் குழியோட ஆட்டம் நிக்காதுடி, சுத்திக்கிட்டு வா.” சுற்றிக்கொண்டு வந்தால் வகுத்தல் தானாக நடந்துவிடுகிறது. லூகா செய்ததும் இதுதான், ஏழுக்குப் பதில் 127 பத்தியில். ஒரு வரிசையில் காய்களை வைத்து எண்ணை எழுதுவது. பெருக்குவதற்கு, அதே வரிசையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி நகர்த்தி அடுத்தடுத்த வரிசைகளில் பதிப்பது. இடப்பக்கம் வெளியே விழுகிற காய் வலப்பக்கம் உள்ளே வரும். பிறகு பத்தி பத்தியாகக் கூட்டி, இரண்டு காய்க்கு ஒன்றாகப் பக்கத்துக்குத் தள்ளுவது. 127 வரிசை, 127 பத்தி, 16,129 கட்டம். கணக்கை அவர் சதுரங்கம் போன்ற ஓர் ஆட்டமாகவே விவரித்திருக்கிறார்.

என் ஆட்டம் இப்படிப் போனது. 3. அடுத்து 7. அடுத்து 47. இதுவரை கட்டையே வேண்டாம், விரலே போதும். 47 என்பது 32, 8, 4, 2, 1 ஆகிய குழிகளில் ஐந்து கொட்டை. அதை வர்க்கப்படுத்த ஐந்து தரம் ஐந்து, இருபத்தைந்து கொட்டை. தள்ளித் தள்ளிக் குறைத்தால் 50 வர வேண்டும். 2 கழித்தால் 48. அடுத்தது 16. அதற்கடுத்தது முடிவு.

முதல் தடவை எனக்கு முடிவு வரவில்லை. ஐந்தாவது வர்க்கம் முடிந்த பிறகும், கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும், ஐந்தாவது குழியில் ஒற்றைப் புளியங்கொட்டை உட்கார்ந்திருந்தது. அதாவது 127 பகா எண் அல்ல! நான் படித்த படிப்பென்ன, வாங்கிய சம்பளமென்ன என்று அந்தக் கொட்டை என்னைப் பார்த்துக் கேட்டது. திரும்பப் பார்த்தபோது, 47-ஐ வர்க்கப்படுத்துகையில் ஏழாவது குழியிலிருந்து முதல் குழிக்குச் சுற்றி வர வேண்டிய ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட்டிருந்தேன். 50-க்குப் பதில் 49; அதனால் 48-க்குப் பதில் மறுபடி 47; முழு ஆட்டமும் ஒரு படி பின்தங்கிவிட்டது.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. 48 என்பது ஐந்தாம் குழியிலும் ஆறாம் குழியிலும் ஒவ்வொரு கொட்டை. வர்க்கப்படுத்தித் தள்ளினால் 18. 2 போக 16. ஐந்தாம் குழியில் ஒன்றே ஒன்று. அதன் வர்க்கம் 256. கட்டையைச் சுற்றி வந்தால் இரண்டாம் குழியில் போய் நிற்கிறது, மதிப்பு 2. அதில் 2 கழி. கட்டை காலி.

இந்த ஆட்டம் முடிந்த பிறகுதான் லூகாவின் கதையில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தச் சோதனையில் தவறு செய்தால் ஏதாவது ஒரு கொட்டை எங்காவது மிச்சம் நிற்கும். தவறு செய்தும் பலகை காலியாவது, அதுவும் 39 இலக்கத்தில், நடக்காது என்றே சொல்லிவிடலாம். ஆகவே ‘பகா எண்’ என்று வருகிற விடை தனக்குத் தானே சாட்சி. ‘பகா எண் அல்ல’ என்று வருகிற விடைதான், போட்டவருடைய கவனத்தை நம்பி நிற்கிறது. அடுக்கு 67-ஐயும் லூகா சோதித்தார். அதில் பூஜ்யம் வரவில்லை. மெர்சென் சொன்னது தவறு என்றார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்குத் தெரியாது. இந்த முறை அதைச் சொல்லாது. கேட்டவர்கள் அவர் கையெழுத்தை நம்ப வேண்டியிருந்தது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை வைத்தார்: 193707721 × 761838257287. பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், கைதட்டல் எழுந்தது என்று ஈ.டி. பெல் எழுதியிருக்கிறார். எத்தனை நாள் பிடித்தது என்று பின்னாளில் பெல் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

127-க்கும் சந்தேகம் வராமல் இல்லை. லூகா தன் தேற்றங்களை அவசரமாக வெளியிட்டவர். நிரூபணங்களில் ஓட்டை இருந்தது. 1914-இல் ஃபோகம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் 127-ஐ மறுபடி போட்டுப் பார்த்து உறுதி செய்தார். ஓட்டைகளை அடைத்து, 4-இல் தொடங்கும் இன்றைய எளிய வடிவத்தை 1930-இல் கொடுத்தவர் அமெரிக்கர் டெரிக் ஹென்றி லெமர். அதனால் இதற்கு லூகா–லெமர் சோதனை என்று பெயர். இடையில், மெர்சென் விட்டுப்போனவற்றை யார் யாரோ பிடித்தார்கள். அடுக்கு 61, 1883-இல் உரால் பக்கத்துக் கிராமப் பாதிரியார் இவான் பெர்வுஷின். 89-உம் 107-உம், 1911-இலும் 1914-இலும், அமெரிக்க ரயில்வேயில் வேலை பார்த்த ரால்ஃப் பவர்ஸ். எல்லாமே 127-ஐவிடச் சிறியவை, சிம்மாசனம் அசையவில்லை. இந்த இருவருமே பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

லூகாவின் சாவு, அவர் வாழ்வைப் போலவே, கொஞ்சம் நம்ப முடியாதது. 1891-இல் மார்செய் நகரில் அறிவியல் சங்க மாநாட்டு விருந்து. பரிமாறுபவர் கையிலிருந்த பீங்கான் தட்டுகள் விழுந்து உடைந்தன. ஒரு சில்லு தெறித்து லூகாவின் கன்னத்தைக் கிழித்தது. அது சீழ் பிடித்துச் சில நாட்களில், அக்டோபர் 3 அன்று இறந்துபோனார். வயது 49.

அவர் எண் அதற்குப் பிறகு அறுபது ஆண்டு அரியணையில் இருந்தது. 1951-இல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்குப்பொறியை வைத்து 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் காட்டினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியால் 79 இலக்கத்துக்குப் போனார்கள். அந்த 79 இலக்க எண் எது தெரியுமா? லூகாவின் எண்ணை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டியது. பதவி இறக்கியவர்களும் அவர் தோளில் ஏறித்தான் இறக்கினார்கள்.

1952 ஜனவரி 30. கணினியையே பார்த்திராத ரஃபேல் ராபின்சன், கையேட்டை மட்டும் படித்து லூகா–லெமர் சோதனைக்கு நிரல் எழுதி அனுப்ப, அது லாஸ் ஏஞ்சலிசில் ஸ்வாக் என்ற இயந்திரத்தில் ஓடியது. லெமர் முன்பு நூற்றுக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்து, பகா எண் அல்ல என்று காட்டிய அடுக்கு 257-ஐ அது ஒரு நிமிடத்துக்குள் முடித்தது. அன்று இரவே 521 பலகையைக் காலி செய்தது, நள்ளிரவுக்குள் 607-உம். இன்று அந்த வேலையை உலகெங்கும் ஆர்வலர்களின் கணினிகள் பங்குபோட்டுச் செய்கின்றன. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிவைத்தது. 2024 அக்டோபரில் கிடைத்த அடுக்கு 136279841-இன் எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கம் வாசித்தால் 474 நாளுக்கு மேல் ஆகும். அதற்கும் கடைசி முத்திரை லூகா–லெமர் சோதனைதான். பூஜ்யம் வராத அடுக்குகளை அவர்கள் வெகுகாலம் இரண்டு தரம், வேறு வேறு இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏன் என்று என் புளியங்கொட்டைக்குத் தெரியும்.

இயந்திரம் எதுவும் இல்லாமல் கையால் மட்டும் நிரூபித்த பகா எண்களில் லூகாவுடையதே இன்னும் பெரியது. வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்கித் துடையுங்கள். இந்தத் தடவை 4-இல் தொடங்குங்கள். 14, 67, 42, 111 என்று வர வேண்டும். ஐந்தாவது வர்க்கத்தில் கட்டை காலியாக வேண்டும். ஏதாவது மிச்சம் நின்றால் 127-ஐக் குறை சொல்லாதீர்கள், ஏழாவது குழியைப் பாருங்கள்.